சீறா கேட்ட சிறுவர்கள்

உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக அச்சேறியது. காயல்பட்டினத்து ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் அதனைப் பதிப்பித்தார். அதற்கு முன்னர் நூறு ஆண்டுகளுக்கும் அதிகமாக அக்காப்பியம் ஏட்டிலும் மனிதக் குரலிலுமே உயிர் வாழ்ந்தது. வாசித்தவர்கள் மிகச் சிலர், கேட்டவர்களே பலர். கேட்டவர்களுள் சிறுவர்களும் இருந்தார்கள் என்பதை எமது இலக்கிய வரலாறுகள் பேசுவதில்லை. புலவர், வள்ளல், அரங்கேற்றம், பதிப்பு என்ற நான்கோடு அவை நின்றுவிடுகின்றன. பாயின் ஓரத்தில் உம்மாவின் மடியில் தலைவைத்துக் கிடந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அவற்றில் இடமில்லை. என் அக்கறை அந்தப் பிள்ளையைப் பற்றியது.

சீறா இலேசான நூலன்று. மூன்று காண்டங்கள், 5027 விருத்தங்கள். அறபுச் சொல்லும் பழந்தமிழ்ச் சொல்லும் ஒரே அடிக்குள் புணர்ந்து கிடக்கும். பட்டப்படிப்பு மாணவரே அகராதியைத் தேடும் இடங்கள் பல. இதனை எழுத்தறியாத பெரியவர்களும் பல் விழாத பிள்ளைகளும் எப்படிக் கேட்டார்கள்? பாடல் அவர்களிடம் தனியாக வரவில்லை என்பதே விடை. ஒருவர் விருத்தத்தை இராகத்தோடு முழுமையாகப் படிப்பார். பின்னர் சொற்களைப் பிரித்து நிறுத்தி நிறுத்திப் படிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும் முறையும் இதுவே. பயன் சொல்பவர் பதவுரையோடு நிற்கமாட்டார். ஊர்ப் பேச்சில் இறங்கி, உவமை காட்டி, முன்னால் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக் கதையை நீட்டவும் சுருக்கவும் செய்வார். இரவுக்கு ஐம்பது பாடலென்று வைத்துக்கொண்டாலும் நூல் முடிய நூறு இரவுகள் வேண்டும். நூறு இரவுகள் ஒரே நடையைக் கேட்ட காதுக்கு அந்த நடை அந்நியமாக இருக்குமா?

உமறுவும் அந்தக் காதுக்கு உதவி செய்திருக்கிறார். அறபு நாட்டைப் பாட வந்தவர் நாட்டுப் படலத்தில் மழை பெய்வித்து, ஆற்றைப் பெருக்கி, வயல் உழுவித்து, நெல்லை விளைவிக்கிறார். பாலைவனத்தில் ஏது நெல் என்று கேட்பாருண்டு. கம்பர் வழி வந்த காப்பிய மரபு என்பது ஆய்வாளர் சொல்லும் விடை. அது சரியானதே. ஆனால் வயற்காட்டு ஊரொன்றில் இதைக் கேட்டிருந்த பிள்ளைக்கு, காப்பியம் தன் வீட்டுப் பின்வேலியிலிருந்தே தொடங்கியது. ஒட்டகம் பிறகு வந்தது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் போதிக்கப்பட்டது வேறு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, இலகுவிலிருந்து கடினத்துக்கு. கணிதத்துக்கும் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கும் அது மெத்தப் பொருந்தும். கண்ணால் வாசிக்கும் பிள்ளை எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே சின்ன வாக்கியம் வேண்டும். காதால் கேட்கும் பிள்ளைக்கு அந்தச் சுமை இல்லை. தானாக வாசிக்க முடியாததை அது கேட்டு விளங்கிக்கொள்ளும். முழுதும் விளங்காவிட்டாலும் ஓசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கலாசாலையின் விதி கண்ணுக்குரியது. அதைக் காதுக்கும் சேர்த்து விதித்துவிட்டோம் என்பது என் முறைப்பாடு.

பிள்ளைகள் முன்னிலையில் எல்லாவற்றையும் படிக்கலாமா என்ற கேள்வி அன்றும் இருந்திருக்கும். காப்பிய மரபின்படி சீறாவிலும் பெண்களின் அழகை வருணிக்கும் பாடல்கள் உண்டு. சபையைப் பார்த்து அவற்றைத் தாண்டிச் செல்வது படிப்பவரின் கையில் இருந்தது. ஏட்டில் பாடல் அப்படியே கிடக்கும்.

இதே கேள்விக்கு அச்சு யுகம் சொன்ன விடையைக் காண இங்கிலாந்துக்குப் போகவேண்டும். 1807ஆம் ஆண்டில் அங்கே ஷேக்ஸ்பியரைப் பிள்ளைகளிடம் கொண்டுசெல்ல இரண்டு நூல்கள் வந்தன. இரண்டிலும் இருபது நாடகங்கள். ஒன்று பௌட்லர் குடும்பத்தாருடையது. அவர்களுடைய தந்தை மாலை வேளைகளில் ஷேக்ஸ்பியரை வீட்டாருக்கு உரக்க வாசிப்பவர். தகாதெனக் கருதிய இடங்களை, கேட்பவர் அறியாமலே விட்டுவிட்டு வாசிக்கும் திறமை அவருக்கிருந்தது. மகள் ஹென்றியேட்டா அந்த விடுதல்களையே நூலாக்கினார். 1818இல் சகோதரர் தோமஸின் பெயரோடு அது முப்பத்தாறு நாடகங்களாகப் பெருகியது. இன்று பௌட்லர் என்ற பெயர், நூலை வெட்டிச் சிதைப்பதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லாகிவிட்டது. தந்தை செய்ததையே பிள்ளைகளும் செய்தார்கள். தந்தையை யாரும் ஏசவில்லை. அவர் இன்றிரவு விட்டதை, பிள்ளை வளர்ந்த பின் இன்னோர் இரவு வாசிக்கலாம். அச்சு அந்த வாய்ப்பை அடைத்துவிட்டது.

மற்றையது லாம் சகோதரர்களின் உரைநடைக் கதைகள். பதினான்கு கதைகளை எழுதியவர் மேரி, ஆறினை எழுதியவர் சார்ள்ஸ். முதற் பதிப்பில் சார்ள்ஸின் பெயர் மட்டுமே இருந்தது. (இத்தகைய கணக்கு எமக்கும் புதிதல்ல.) அதன் முன்னுரை பலரும் புரட்டாமல் தாண்டும் பக்கம். தந்தையின் நூலகம் ஆண்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே திறக்கிறது, பெண்பிள்ளைகளுக்கு அப்படியில்லை என்று அது சொல்கிறது. ஆகவே சகோதரர்கள் கடினமான இடங்களை விளக்கி, சகோதரிக்குப் பிடித்த கட்டத்தை மூல நாடகத்தின் சொற்களிலேயே வாசித்துக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. அதாவது கதைச் சுருக்கம் ஒரு வாசற்படி மட்டுமே. உள்ளே அழைத்துப் போக ஒரு குரல் வேண்டும். நூல் உலகெங்கும் பாடசாலைகளுக்குப் போயிற்று. அந்த வேண்டுகோள் முன்னுரையிலேயே தங்கிவிட்டது.

எமது பக்கத்திலும் அதுவே நடந்தது. அச்சு, பாடசாலை, வானொலி, தொலைக்காட்சி, காப்பியத்திலுள்ள சில செய்திகளின் ஆதாரம் பற்றி ஆலிம்கள் எழுப்பிய கேள்விகள் என்று பல காரணங்களால் படிப்பு மெலிந்தது. பிள்ளைகளுக்கென்று மிஞ்சியது பாடப்புத்தகச் சுருக்கம். அறபுத்தமிழ் எழுத்தில் மாலைகளை வாசித்து வீட்டுப் பிள்ளைகளின் காதில் போட்ட மூத்தம்மாமாரும் போய்விட்டார்கள்.

வியாழக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் தரம் நான்கு பிள்ளைகளுக்கு நான் சீறா படிக்கிறேன். பரீட்சைக்கு வராததால் யாரும் தடுக்கவில்லை. மானுக்குப் பிணை நின்ற படலத்தை எடுத்தேன். வேடனின் வலையில் பட்ட பெண்மான், கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறது. நபியவர்கள் வேடனிடம் பிணை நிற்கிறார்கள். முதலில் இராகத்தோடு படித்தேன். விளக்கம் கேட்டு ஒருவரும் குறுக்கிடவில்லை. பிரித்துப் படித்தபோது 'பிணை' என்ற சொல்லில் நின்று, பொருள் தெரியுமா என்றேன். பின் வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து, "எங்கட மாமாவுக்கு கோட்டில வாப்பாதான் பிணை நிண்டவர் சேர்" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "மாமா தவணைக்குப் போகாட்டி வாப்பாவப் பிடிப்பாங்களாம். மான் வராட்டி நபியவங்கள என்ன செய்வாங்க?"

அந்தப் படலத்தின் முடிச்சு அதுதான். பயன் சொல்ல வந்த நான் அவனையே பயன் சொல்லவிட்டேன். மான் திரும்பி வரும் பாடல் வரும்வரை வகுப்பில் சத்தமில்லை. பிணை என்றால் பெண்மான் என்றும் ஒரு பொருள் உண்டென்று பிறகு சொன்னபோது, தங்களை ஏமாற்றிவிட்டதுபோல் என்னைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகள் கேட்காமலே முதல் விருத்தத்தைச் சொன்னார்கள். நான் மனனமிடச் சொல்லியிருக்கவில்லை.

தரம் ஐந்துக்கு ஏறியதும் புலமைப்பரிசில் பரீட்சை அவர்களை எடுத்துக்கொள்ளும். வியாழன் கடைசிப் பாடவேளையில் மாதிரி வினாத்தாள் வரும். கிழமைக்கு ஆறு பாடல், வருடத்துக்கு நாற்பது கிழமை. இந்த வேகத்தில் 5027 பாடல்களையும் முடிக்க இருபத்தொரு வருடங்கள் பிடிக்கும். எனது சேவையில் அவ்வளவு காலம் மீதியில்லை. வருகின்ற வியாழன் நாட்டுப் படலம். வேளாண்மை வெட்டுக் காலமாதலால் சில பிள்ளைகள் வரவு குறைவு.