கடிகாரத்தோடு போட்டியிட்டவர்கள்: இங்கிலாந்தின் விடியற்காலைச் சைக்கிளோட்டங்கள்

எங்கள் தலைமுறை யாழ்ப்பாணத்தவர்க்கு 'றலி' என்பது வெறும் கம்பனிப் பெயரன்று. அது ஒரு தகுதியின் பெயர். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலே செய்யப்பட்டுக் கப்பலேறி வந்த அந்தத் துவிச்சக்கரவண்டி வீட்டு விறாந்தையில் நின்றாலே வீட்டுக்கு ஒரு மதிப்பு. சித்திரை விடுமுறையில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து யாழ் நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வருவோம். போக இருபது மைல், வர இருபது மைல். வல்லைவெளியில் எதிர்க்காற்று முகத்தில் அறையும். பாலத்தை முதலில் தொடுபவர் யார் என்று அங்கே தொடங்கும் ஓட்டத்துக்கு நடுவருமில்லை, பரிசுமில்லை. வென்றவனுக்குச் சோடா வாங்கிக் கொடுப்பதோடு சரி.

அந்த வண்டிகளைச் செய்து அனுப்பிய நாட்டிலோ, பொதுத்தெருவில் சைக்கிளோட்டம் நடத்துவதென்பது நெடுங்காலம் ஒளித்துச் செய்யவேண்டிய காரியமாக இருந்தது. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே இதை நான் படித்தறிந்தேன். சைக்கிளோட்டம் என்றதும் பிரான்சின் நெடுஞ்சுற்றோட்டமும், அதிலே சம்பளத்துக்கு ஓடும் வீரர்களுமே நம் நினைவுக்கு வருவர். சம்பளமில்லாமல், பார்வையாளரில்லாமல், சில வேளைகளில் பெயர்கூட வெளியே தெரியாமல் ஓடிய இங்கிலாந்தின் அமெச்சூர் ஓட்டக்காரர்களின் கதையோ அதைவிடச் சுவையானது. அதன் உச்சத்தில் நிற்பவர் ஒரு பெண். அதனாலேயே இதை எழுதத் தோன்றியது.

இங்கிலாந்தில் சைக்கிளில் நெடுந்தூரம் செல்லும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. 1878இல் ஹரகேற் நகரில் சைக்கிள் சுற்றுலாக் கழகம் தோன்றியது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லியின் 'ரோவர்' வண்டி இரு சமமான சக்கரங்களையும் சங்கிலியையும் கொண்டு வந்தது. 1888இல் ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றார். முன்னர் வசதி படைத்த வாலிபரின் விளையாட்டுப் பொருளாயிருந்த வண்டி, சிறிது காலத்துள் ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் தவணை முறையிலாவது வாங்கக்கூடிய பொருளாயிற்று. வாரத்தில் ஐந்தரை நாள் வேலை. எஞ்சியது ஞாயிறு ஒன்றே. கோடையில் அந்த ஒரு நாளில் புகைபடிந்த நகரத்தை விட்டு வெளியேறி நூறு மைல் ஓடித் திரும்பும் கழகங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன.

ஒன்றாகச் செல்பவர்களிடையே 'யார் விரைவு' என்ற கேள்வி எழாதிருக்குமா? ஓட்டப்போட்டிகள் தொடங்கின. தெருவோ குதிரை வண்டிகளுக்கு உரியது. மண் தெருவில் கூட்டமாகப் பறந்து வந்த சைக்கிள்காரரைக் கண்டு குதிரைகள் மிரண்டன, கனவான்கள் முறையிட்டனர், பொலிசார் வழிமறித்தனர். 1894 ஜூலையில் வடபெருந்தெருவில் நிகழ்ந்த 50 மைல் போட்டியொன்றின்போது, ஓட்டக்காரரைக் கண்டு ஒரு குதிரை வெருண்டது. வண்டியும் சைக்கிள்களும் குழம்பி விழுந்தன. விழுந்தவர்களுள் அக்காலத்தின் புகழ்பெற்ற ஓட்டக்காரரான பிரெட்ரிக் தோமஸ் பிட்லேக் என்பவரும் ஒருவர்.

சைக்கிள் ஓட்டத்தை நிர்வகித்த தேசிய சைக்கிள்காரர் ஒன்றியம் இதைக் கண்டு அஞ்சியது. ஓட்டப்போட்டியின் பெயரால் தெருவில் சைக்கிள் செல்வதையே அரசு தடைசெய்துவிட்டால் என்ன செய்வது என்பதே அதன் கவலை. ஆகவே அரசு தடுக்குமுன் தானே தடுத்தது. போட்டிகளை அதற்கென அமைந்த மூடிய ஓடுகளங்களில் மட்டுமே நடத்தலாம் என்றது. சட்டம் கேட்காததை அச்சம் கொடுத்தது என்று இதைச் சொல்லலாம்.

பிட்லேக் தெருவைக் கைவிட மனமில்லாதவர். அவர் கண்ட வழி எளிமையானது. கூட்டமாக ஓடினாலன்றோ போட்டியென்று தெரியும்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிமிட இடைவெளியில் தனியே புறப்படட்டும். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிச் சென்று காற்றை மறைத்துக்கொள்வது குற்றமாகட்டும். வெற்றியைக் கடிகாரம் தீர்மானிக்கட்டும். பார்ப்பவருக்கு அது போட்டியாகவே தோன்றாது. யாரோ ஒருவர் அவசரமாக எங்கோ போகிறார் என்றே தோன்றும். 1895 அக்டோபரில் இம்முறையில் 50 மைல் ஓட்டமொன்று நடந்தது. கடிகாரத்துக்கு எதிரான தனியோட்டம் அவ்வாறு இங்கிலாந்தின் தனித்துவமான விளையாட்டாயிற்று.

அதைச் சுற்றி வளர்ந்த வழக்கங்கள் நமக்கு வியப்பைத் தருவன. ஓட்டக்காரர் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை அணிந்தனர். ஓட்டங்கள் ஞாயிறு விடியற்காலையில், ஊர் விழிக்குமுன் நடந்தேறின. தெருக்களுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த இரகசியக் குறியீடுகள் இடப்பட்டன. கழகத்தவருக்கன்றிப் பிறருக்கு அவற்றின் பொருள் விளங்காது. ஓட்டம் நடக்கும் இடத்தை முன்கூட்டியே பத்திரிகைகள் வெளியிடலாகாது. செய்தியை வெளியிடுவதையே தொழிலாகக் கொண்ட என் போன்றோருக்கு, செய்தி வெளிவராதிருப்பதையே பாதுகாப்பாகக் கொண்ட ஒரு விளையாட்டு இருந்தது என்பது சற்று வேடிக்கையானதே. அந்தக் குறியீட்டு வழக்கம், இரகசியம் தேவைப்படாத இக்காலத்திலும் ஒரு மரபாகத் தொடர்கிறது.

10, 25, 50, 100 மைல் என்று தூரத்தை நிர்ணயித்து நேரத்தை அளப்பது ஒரு வகை. 12 மணி, 24 மணி என்று நேரத்தை நிர்ணயித்துத் தூரத்தை அளப்பது மற்றொரு வகை. 1930இல் 'சைக்ளிங்' சஞ்சிகை 50 மைல், 100 மைல், 12 மணி ஆகிய மூன்றிலும் ஒருவர் பெற்ற வேகத்தின் சராசரியைக் கொண்டு ஆண்டின் தலைசிறந்த ஓட்டக்காரரைத் தெரிவு செய்யும் முறையைத் தொடக்கியது. வென்றவர்க்குப் புகழன்றிப் பெரும்பணம் கிடையாது. திங்கட்கிழமை காலை அவர்களும் மற்றவர்களைப்போல் வேலைக்குப் போகவேண்டியவர்களே.

கூட்டமாக ஓடும் போட்டி 1942இல்தான் துணிச்சலுடன் திரும்பி வந்தது. போர்க்காலப் பெற்றோல் பங்கீட்டால் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. வுல்வர்ஹம்ரனைச் சேர்ந்த பேர்சி ஸ்ராலாட், அவ்வாண்டு ஜூன் 7ஆம் திகதி வேல்ஸின் லங்கோலனிலிருந்து தன் ஊர்வரை 59 மைல் ஓட்டமொன்றைப் பட்டப்பகலில் நடத்தினார். பொலிசார் தடுக்கவில்லை, உதவினர். தண்டித்தது ஒன்றியமே. ஸ்ராலாட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் இடைநிறுத்தப்பட்டனர். அவர்கள் அவ்வாண்டே தனி அமைப்பொன்றைத் தோற்றுவித்தனர். இரு சாராரும் 1959இல் ஒன்றிணையும் வரை பகை நீடித்தது. அரை நூற்றாண்டு முன்னர் அரசுக்கு அஞ்சி இட்ட விலங்கை, அரசு பொருட்படுத்தாத காலத்திலும் கழற்ற மறுத்தவர்கள் சைக்கிள்காரரே என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் அந்த விலங்கால் எவரும் எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. அதைக் காட்டுபவர்தான் பெரில் பேர்ட்டன்.

1937இல் யோர்க்ஷயரில் பிறந்த அவர், சிறுமியாயிருந்தபோது வாதக் காய்ச்சலால் மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தார். அதன் பின்னர் ஓராண்டுக்கு மேல் உடல்தேற்று இல்லத்தில் கழித்தார். கடும் உடலுழைப்பு ஆகாது என்பதே வைத்தியரின் அறிவுரை. வேலைபார்த்த இடத்தில் சந்தித்துப் பின் மணந்துகொண்ட சார்ளி பேர்ட்டன் அவருக்குச் சைக்கிளை அறிமுகம் செய்தார். மோர்லி சைக்கிள் கழகத்தோடு ஞாயிறு ஓட்டங்களுக்குச் சென்றவர், தொடக்கத்தில் பின்தங்கினார். அடுத்து இணையாக வந்தார். பின்னர் எல்லோரையும் முந்தினார். அதே கழகத்தைச் சேர்ந்த ஒருவரின் ருபார்ப் பண்ணையில் அவருக்கு வேலை. குளிரிலும் சேற்றிலும் நின்று மண்வெட்டியும் பயிர்க் கூடையுமாக உழைத்ததே அவருடைய உடற்பயிற்சிக்கூடம்.

தொழில்முறை ஓட்டக்காரராகும் வாய்ப்பு வந்தபோது அவர் ஏற்கவில்லை. அவருக்கு முன்னர் புகழ்பெற்ற ஐலீன் ஷெரிடன் 1951இல் 'ஹேர்குலிஸ்' சைக்கிள் கம்பனியோடு ஒப்பந்தம் செய்து, இடத்துக்கிட நெடுந்தூரச் சாதனைகளை நிலைநாட்டியவர். 1954இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து ஸ்கொட்லாந்தின் வடமுனைக்கு 2 நாள் 11 மணி 7 நிமிடத்தில் சென்றார். ஆனால் அவ்வாறு கூலிபெற்றவர் கழகத் தோழரோடு மீண்டும் போட்டியிட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளை இழக்கப் பெரில் விரும்பவில்லை.

ஓடுகளத்துத் துரத்தோட்டத்தில் ஐந்து முறையும், 1960, 1967 ஆண்டுகளில் தெருவோட்டத்திலும் அவர் உலகப் பட்டம் வென்றார். இங்கிலாந்தின் ஆண்டுச் சிறந்த ஓட்டக்காரிக்கான பட்டத்தை 1959 முதல் 1983 வரை இடைவிடாது 25 ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்தார். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் இல்லை. காரணம் திறமைக் குறைவன்று. 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்குச் சைக்கிளோட்டமே இருக்கவில்லை.

1967 செப்டெம்பர் 17ஆம் திகதி யோர்க்ஷயரில் 12 மணி ஓட்டம் நடைபெற்றது. ஆண்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுச் சென்றபின், பெண்கள் தனிப்பிரிவாகப் புறப்பட்டனர். ஆண்களில் இறுதியாகப் புறப்பட்டவர், அன்று ஆண்களுக்கான தேசிய சாதனையை முறியடிக்கும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த மைக் மக்னமாரா. நாள் முழுதும் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கடந்து வந்த பெரில், பொழுது சாயும் வேளையில் அவருடைய முதுகைக் கண்டார். என்ன செய்வதென்று ஒருகணம் தயங்கினாராம். பின்னர் சட்டைப் பையைத் துழாவி, அதிமதுரம் சேர்ந்த ஓர் இனிப்பை எடுத்து, கடந்து செல்கையில் அவரிடம் நீட்டினார். அவர் சுருக்கமாக நன்றி கூறி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

மக்னமாரா அன்று 276.52 மைல் ஓடி ஆண்களின் புதிய சாதனையை நிலைநாட்டினார். பெரில் ஓடியது 277.25 மைல், ஏறத்தாழ 446 கிலோமீற்றர். ஆணொருவர் அத்தூரத்தைக் கடந்தது 1969இல்தான். பெண்ணொருவர் கடந்தது 2017இல். ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின்.

இங்கேதான் நான் முன்னர் கூறிய நன்மை புலப்படுகிறது. ஆணும் பெண்ணும் கூட்டமாக ஒன்றாக ஓடும் போட்டியை அன்று எந்த அமைப்பும் அனுமதித்திராது. தனித்தனியே, நிமிட இடைவெளியில், ஒரே தெருவில், ஒரே காற்றில் ஓடவேண்டுமென்ற அந்தப் பழைய ஒளிப்பு முறையே இருவரையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தியது. கடிகாரம் ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை. அச்சத்தில் பிறந்த ஒரு விதி, தன்னை அறியாமலே நீதியொன்றை வழங்கியது.

பெரிலைக் குறையற்றவராகக் காட்டுவது சரியன்று. 1976இல் தேசியத் தெருவோட்டத்தில் அவருடைய மகள் டெனிஸ் அவரை வென்றபோது, மேடையில் மகளோடு கைகுலுக்க மறுத்தவர் அவர். அச்செயல் பெருந்தன்மையற்றதென்று பின்னர் தன் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டார். 1982இல் தாயும் மகளும் ஈரிருக்கைச் சைக்கிளொன்றில் சேர்ந்தோடி 10 மைலுக்குத் தேசிய சாதனை புரிந்தனர். பணத்துக்காக ஓடாதவர் பற்றற்று ஓடுகிறார் என்று எண்ணிவிடக்கூடாது. சில வேளைகளில் அவருடைய பற்றே மிகக் கொடியது. அமெச்சூர் என்ற சொல்லின் இலத்தீன் வேர் நேசிப்பவரைக் குறிக்கும். நேசம் எப்போதும் மென்மையானதன்று.

1996 மே மாதம், தனது 59ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களுக்கு முன், விருந்துக்கான அழைப்பிதழ்களை வீடுவீடாகக் கொடுக்கச் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தபோது இதயம் நின்று தெருவிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இச்செய்தியை நான் படித்தபோது என் மனம் வல்லைவெளிக்கே சென்றது. எங்கள் சித்திரை ஓட்டங்களில் பெண்பிள்ளை ஒருத்தியும் இருந்ததில்லை. தங்கையும் வர ஆசைப்பட்டதுண்டு. ஊர் என்ன சொல்லும் என்று வீட்டில் தடுத்துவிட்டனர். நாங்களும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. இங்கும் தடுத்தது சட்டமன்று, அச்சமே. பின்னர் 1990களில் எரிபொருள் தடை வந்து மோட்டார் வாகனங்கள் முடங்கியபோது, யாழ்ப்பாணத்தின் தெருக்களைச் சைக்கிள்கள் நிறைத்தன. ஆசிரியைகளும் தாதியரும் மாணவியரும் மைல்கணக்கில் மிதித்தனர். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எவருக்கும் நேரமிருக்கவில்லை.

தங்கை இப்போது புலம்பெயர்ந்து குளிர்நாடொன்றில் வாழ்கிறாள். அறுபது வயதைக் கடந்தபின் சைக்கிள் வாங்கியிருக்கிறாள். சென்ற கோடையில் தொலைபேசியில் பேசும்போது, முதன்முறையாக ஒரே நாளில் நாற்பது மைல் ஓடியதாகக் கூறினாள். பருத்தித்துறைக்குப் போய்வரும் தூரம். எவ்வளவு நேரம் எடுத்தாய் என்று கேட்டேன். 'அண்ணா, அது உங்களைவிடக் கெதி' என்றாள்.