பூனைக்குப் பரிசம்

என் புத்தக அலமாரிக்குள் எலி புகுந்துவிட்டது. புகுந்த எலி சும்மா இருக்கவில்லை. எழுதி முடித்து வைத்திருந்த ஒரு நாவலின் பதினேழாம் அத்தியாயத்தை அடியோடு தின்று தீர்த்துவிட்டது. நண்பர் ஒருவரிடம் சொல்லி அழுதேன். "அநாவசியமான அத்தியாயம் எது என்று எலிக்குத் தெரிந்திருக்கிறது, ஐயா!" என்றார். இம்மாதிரி நண்பர்கள் இருக்கும்போது எலி எதற்கு?

என் மனைவி அனுதாபத்தில் காலம் கடத்தவில்லை. "பேசாமல் ஒரு பூனைக்குட்டி கொண்டு வாங்க" என்றாள்.

அடுத்த தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் வீட்டுப் பூனை நான்கு குட்டிகள் போட்டு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கொல்லைத் தாழ்வாரத்தில் கோணிச் சாக்கின் மேல் நான்கும் புரண்டுகொண்டிருந்தன. நான் போய் உட்கார்ந்ததும் மூன்று குட்டிகள் ஓடி ஒளிந்தன. சாம்பல் நிறத்தில் வரி போட்ட ஒன்று மட்டும் என் வேஷ்டி முனையைக் கடித்துப் பார்த்தது. அதைத்தான் கொண்டுபோவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

"என்ன கொடுக்கணும், பெரியம்மா?" என்று கேட்டேன்.

"குட்டிக்கு விலையா? நல்லா இருக்கு! தாய்க்காரி சம்மதிச்சாக் கொண்டு போங்க, தம்பி. இன்னும் ரெண்டு வாரம் பால் குடிக்கட்டும்."

பெரியம்மா சரித்திரம் படித்தவர் அல்ல. ஆனால் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்பு சீன தேசத்தில் நிலவிய ஒரு வழக்கத்தின் சாரத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

960 முதல் 1279 வரை சீனாவில் ஸுங் வம்சத்தார் ஆண்டார்கள். அவர்களுடைய தலைநகரான கைஃபெங்கில் வீட்டுப் பூனைகளுக்கென்றே சிறு மீன்களை விற்று வந்தார்களாம். அந்தக் காலத்தில் ஒரு வீட்டிலிருந்து குட்டியை அழைத்து வருவதற்குச் சீனர்கள் உபயோகித்த சொல், வாங்குவது என்பதல்ல. பெண்ணுக்குப் பரிசம் போடுவதைக் குறிக்கும் அதே சொல். குட்டி பிறந்த வீட்டாருக்கு ஒரு பொட்டலம் உப்புக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். உப்பு அப்போது அரசாங்கத்தின் ஏகபோகச் சரக்கு. ஆகையால் அது மலிவான மரியாதை அல்ல. தாய்ப் பூனைக்கோ, மெல்லிய வில்லோ மரக் கிளையில் கோத்த மீன்.

1045-ல் பிறந்து 1105-ல் காலமான ஹுவாங் டிங்ஜியன் என்பவர் பெரிய கவி. கையெழுத்துக் கலையில் அதைவிடப் பெரியவர். அவர் வீட்டுப் பூனை செத்துப்போயிற்று. எலிகள் பானையையும் தட்டையும் உருட்ட ஆரம்பித்தன. வேறொரு வீட்டுப் பூனை சினையாயிருப்பதாகக் கேள்விப்பட்டு, மீனோடு வந்து குட்டி கேட்பதாக அவர் ஒரு கவிதையே எழுதிவிட்டார். குட்டி பிறப்பதற்கு முன்பே சம்பந்தம் பேசிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

எனக்கு அதிகம் பிடித்தவர் லு யூ. 1125-ல் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாயிருந்தபோதே, 1127-ல், ஜின் படைகள் கைஃபெங்கைப் பிடித்துக்கொண்டன. வட சீனா முழுவதும் கை நழுவிப் போயிற்று. அரண்மனைப் புத்தகசாலைகள் சிதறின. தெற்கே ஓடிவந்த அரசாங்கம் மறுபடி நூல்களைச் சேர்க்க நேர்ந்தபோது, 1143-ல், லு யூவின் தகப்பனார் வீட்டிலிருந்து 13,000-க்கு மேற்பட்ட சுவடிச் சுருள்களைப் பிரதி எடுத்துக்கொண்டதாம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு புத்தகத்தை எலி கடிப்பதென்பது வெறும் காகித நஷ்டமாகத் தோன்றுமா? இழந்த ராஜ்யத்தில் மிஞ்சிய துண்டை அல்லவா அது கடிக்கிறது!

உத்தியோகம் போய்க் கிராமத்தில் இருந்த நாளில் லு யூ உப்புப் பொட்டலத்தோடு போய் ஒரு குட்டியை அழைத்து வந்தார். அது புத்தகங்களைக் காப்பாற்றிற்று. அதைப் பாராட்டிக் கவிதை எழுதினார். அந்தக் கவிதையிலேயே தம் வெட்கத்தையும் சொல்லியிருக்கிறார். இவ்வளவு சேவை செய்யும் பூனைக்குக் குளிரில் விரிக்கக் கம்பளம் இல்லை, சாப்பாட்டில் மீன் இல்லை, வறுமை அப்படி. (பிற்பாடு ஒரு பூனை எலி பிடிக்காமல் தூங்குகிறது என்று கேலி செய்தும் அவரே எழுதினார். குடும்பம் என்றால் இரண்டும் இருக்கத்தான் செய்யும்.)

ஸுங் வம்சத்துக்குப் பின் வந்த யுவான் வம்சத்துக் காலத்தில் பஞ்சாங்கத்திலேயே பூனைப் பத்திரத்துக்கு ஒரு மாதிரி அச்சிட்டுவிட்டார்கள். நடுவில் பூனைப் படம், சுற்றிலும் எழுத்து. விலைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. பூனையின் கடமைகளோ வரிசையாக இருக்கின்றன. எலி பிடிப்பதில் ஓயக்கூடாது, கோழி, கால்நடைகளுக்குத் தீங்கு செய்யக்கூடாது, திருடித் தின்னக்கூடாது, வேறு வீடு தேடிப் போகக்கூடாது, போனால் அடி! சாட்சிகள் இரண்டு தெய்வங்கள். யுவான் சுவாங் மேற்கேயிருந்து, அதாவது நம் பாரத தேசத்திலிருந்து, சுவடிகளைக் காக்கப் பூனையை அழைத்து வந்தார் என்ற கதையும் அதில் வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்துபோன அதே யாத்ரிகர்தான். கதை கதைதான், என்றாலும் நமக்குக் கொஞ்சம் பெருமையாயிருக்கிறது.

பூமியின் மறு கோடியில் வேல்ஸ் தேசத்தார் கணக்கில் இன்னும் கெட்டிக்காரர்கள். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹவெல் என்ற அரசன் பெயரால் வழங்கும் சட்டங்களில், கண் திறக்காத குட்டிக்கு 1 பென்னி. கண் திறந்தபின் எலி பிடிக்கும் வரையில் 2. எலி பிடித்துவிட்டால் 4. காது, கண், பல், நகம் குறைவில்லாமல் இருக்க வேண்டும். நெருப்பில் பொசுங்கியிருக்கக் கூடாது. தன் குட்டிகளைத் தின்னக் கூடாது. லக்ஷணம் குறைந்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கு வாபஸ்.

இந்தச் சட்டத்தையும் அந்தப் பத்திரத்தையும் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று மனத்தில் தைக்கிறது. பூனை நமக்குச் செய்ய வேண்டியதை எல்லாரும் எழுதிவைத்தார்கள். நாம் அதற்கும் அதன் தாய்க்கும் செய்ய வேண்டியது பத்திரத்தில் இல்லை. அது அந்த உப்பிலும் மீனிலும்தான் இருக்கிறது; லு யூவின் வெட்கத்தில் இருக்கிறது.

எனக்கு இது தைப்பதற்குக் காரணம் உண்டு. எட்டு வயதில் நான் ஒரு குட்டியைக் கொண்டு வந்தேன். யாரையும் கேட்கவில்லை. கண் திறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்துப் பையில் போட்டு எடுத்து வந்தேன். பஞ்சில் பால் நனைத்து ஊட்டினேன். மூன்று இரவு தாய்ப் பூனை எங்கள் தெருவின் மதில் மதிலாய் ஏறிக் கத்திற்று. "கொண்டுபோய் விட்டுடுடா. அவ வயிறு எப்படி எரியும்!" என்றாள் அம்மா. நான் பிடிவாதம் பிடித்தேன். நாலாம் நாள் விடிந்தபோது குட்டி விறைத்துக் கிடந்தது. அன்றைக்குப் பிறகும் இரண்டு இரவு அந்தத் தாய் வந்தது.

பெரியம்மா சொன்ன இரண்டு வாரம் கழிந்து போனேன். கையில் ஒரு பொட்டலம் உப்பு; இன்னொன்றில் நெத்திலிக் கருவாடு. "உப்பு எதுக்குத் தம்பி?" என்று பெரியம்மா கேட்டார். சீன தேசத்துக் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். தாய்ப் பூனை கருவாட்டை நிதானமாகத் தின்றது. பிறகு வரிக்குட்டியின் காதை இரண்டு தரம் நக்கிவிட்டு, வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. குட்டியைக் கூடையில் வைத்து, முகம் வெளியே தெரியும்படி தூக்கி வந்தேன்.

அன்று இரவு அது கத்திற்று. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மதிலில் யாரும் வரவில்லை.

இப்போது பதினேழாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன். எழுதிய தாள்களின் மேல் குட்டி தூங்குகிறது. எலி இதுவரை ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. பத்திரம் எழுதிக்கொண்டிருக்கலாமே என்கிறாள் என் மனைவி. எழுதுவதானால் என் பக்கத்து நிபந்தனைகளைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.