முதலில் தோட்டா, பின்னர் துப்பாக்கி

ஒரு நாடு தன் சிப்பாயின் கையில் எந்த ரைபிளைக் கொடுப்பது என்று ஆலோசிக்கும்போது, முதலில் முடிவு செய்ய வேண்டியது துப்பாக்கியை அன்று, தோட்டாவையே. தோட்டா இன்னதென்று தீர்மானமாகிவிட்டால், துப்பாக்கியின் எடை, தோளில் அது தரும் உதை, சிப்பாய் சுமக்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கை, எதிரியை எட்டும் தூரம் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் அதனோடு தீர்மானமாகிவிடுகின்றன. இந்திய இராணுவத்தின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

பேச்சு வழக்கில் நாம் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். பித்தளைக் கூடு, அதனுள் வெடிமருந்து, அடியில் தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி, நுனியில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. அவற்றுள் பறந்து செல்வது குண்டு மட்டுமே. மருந்து மிகுந்தால் குண்டின் வேகமும் தூரமும் மிகும். உதையும் சுமையும் உடன் மிகும். இந்த வரவு செலவுக் கணக்கே நம் ஆராய்ச்சிப் பொருள்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவுக்கு வந்த 'திரீ நாட் திரீ' தோட்டா, 1888-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. குழாய்த் துவாரத்தின் விட்டம் 0.303 அங்குலம். 1910-இல் திருத்தம் பெற்ற வடிவில், சுமார் 11 கிராம் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 740 மீட்டர் வேகத்தில் வெளிப்பட்டது. சிப்பாய்கள் அணிவகுத்து நின்று, தொலைவில் வரும் படைத்திரளை நோக்கி ஒருசேரச் சுடுவார்கள் என்பதே அக்காலத்துப் போர்முறைக் கருத்து. ஆகவேதான் லீ-என்ஃபீல்டு ரைபிளின் குறிகாட்டியில் 2000 கஜம் வரை அளவு பொறித்திருந்தார்கள். வங்காளத்து ஈசாப்பூர்த் தொழிற்சாலை இந்த ரைபிளைப் பல்லாண்டுகள் உற்பத்தி செய்தது.

வேகம் மிகுந்த சிறு குண்டு ஒரு புதிய வாதத்தையும் எழுப்பிற்று. 1895-ஆம் ஆண்டுச் சித்ரால் படையெடுப்பில், அக்குண்டு பட்டவர் உடனே விழுவதில்லை என்று சிப்பாய்கள் முறையிட்டனர். அதற்கு விடையாகக் கல்கத்தாவை அடுத்த டம்டம் தளவாடச் சாலையில், உடலிற் பாய்ந்ததும் நுனி விரிந்து கொடிய காயம் விளைவிக்கும் குண்டைச் செய்தார்கள். அவ்வூரின் பெயரே அக்குண்டுக்கும் உலகெங்கும் வழங்கலாயிற்று. 1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் தடை செய்தது. தோட்டாவின் வலிமைக்கு மனிதத்தன்மை விதிக்கும் எல்லையும் உண்டு என்பதை இந்தியாவில் பிறந்த ஒரு குண்டே உலகுக்கு உணர்த்தியது.

இரண்டு உலக யுத்தங்களும் பழைய கருத்தை ஆட்டங்காணச் செய்தன. காலாட்படை பெரும்பாலும் 300 மீட்டருக்கு உட்பட்ட தூரத்திலேயே சண்டையிடுகிறது என்பது தெளிவாயிற்று. ஜெர்மனியும் பின்னர் சோவியத் நாடும் இடைத்தர வலிமையுள்ள குட்டைத் தோட்டாவுக்கு மாறின. பிரிட்டனும் அவ்வழியில் ஓர் இடைத்தரத் தோட்டாவை வகுத்து, 1951-இல் அதற்குரிய ரைபிளையும் ஏற்றது. ஆனால் அமெரிக்கா முழுவலிமையையே வற்புறுத்தியமையால் அதைக் கைவிட நேர்ந்தது. 1954-இல் 7.62 மில்லிமீட்டர் விட்டமும் 51 மில்லிமீட்டர் கூட்டு நீளமும் கொண்ட தோட்டா நேட்டோ நாடுகளின் பொது அளவாயிற்று. அக்கூட்டணியிற் சேராத இந்தியாவும் இதையே தேர்ந்தெடுத்தது.

1962-இல் இமயமலையில் சீனப் படையை எதிர்த்த நம் வீரர்களிற் பெரும்பாலோரின் கையில் இருந்தது ஒவ்வொரு வெடிக்கும் தாழைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய லீ-என்ஃபீல்டே. எதிரில் நின்றவர்களிடம் தாமே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இருந்தன. குளிருடையும் சாலையும் உணவும் குறைந்திருந்த அப்போரில் தோல்விக்குத் துப்பாக்கியை மட்டும் காரணமாக்குவது முறையாகாது. எனினும் மாற்றத்தை இனித் தள்ளிப்போட முடியாதென்பது விளங்கிற்று. அவ்வாண்டுகளில் ஈசாப்பூர், 7.62 தோட்டாவுக்குரிய 'ஒன் ஏ ஒன்' என்னும் தானே ஏற்றும் ரைபிளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதோடு, பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பையே வலிமை மிகுந்த எஃகில் அமைத்துப் புதிய தோட்டாவுக்கு ஏற்றதாகவும் ஆக்கியது. தோட்டா மாறிய பின்னரே துப்பாக்கி அதற்கு இணங்கி மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முழுவலிமைத் தோட்டாவின் விலையும் அப்போது தெரிந்தது. அதன் 9.5 கிராம் குண்டு விநாடிக்குச் சுமார் 840 மீட்டர் வேகத்தில் செல்வதால், ஏறத்தாழ 3300 ஜூல் ஆற்றல் பெறுகிறது. தோளில் வைத்துத் தொடர்ந்து சுட்டால் உதை துப்பாக்கியைக் குறியிலிருந்து விலக்கிவிடும். ஆகையால் இந்திய ரைபிள் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டே சுடும்படி அமைந்தது. தோட்டா ஒன்றின் எடை சுமார் 24 கிராம். ஒரு கிலோவுக்கு 40 தோட்டாக்களே தேறும்.

1980-களில் புனாவில் உருவாகி 1990-களில் படைக்கு வந்த 'இன்சாஸ்' ரைபிள் 5.56 மில்லிமீட்டர் சிறு தோட்டாவை ஏற்றது. அதன் எடை சுமார் 12 கிராம். அதே ஒரு கிலோவுக்கு 80-க்கு மேற்பட்ட தோட்டாக்கள் கிடைத்தன, உதையும் தணிந்தது. ஆனால் 4 கிராம் குண்டின் ஆற்றல் 1700 ஜூல் அளவே. 1999-இல் கார்கிலில் வீரர்கள் ஏந்திச் சென்றது இந்த ரைபிளையே. ஒரு முகட்டிலிருந்து எதிர் முகட்டை நோக்கிச் சுட வேண்டிய மலைப்போரில், நெடுந்தூரத்தில் போதிய வலிமை வேண்டும் என்ற கோரிக்கை பின்னர் வலுத்தது.

2019 பிப்ரவரியில் இந்தியா 72,400 'ஸிக் 716' ரைபிள்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. அவை மீண்டும் அதே 7.62-க்கு 51 என்னும் முழுவலிமைத் தோட்டாவுக்கு உரியவை. 2024-இல் மேலும் 73,000 வாங்க முடிவாயிற்று. மறுபுறம், 2021 டிசம்பரில் செய்த ஒப்பந்தப்படி அமேதி மாவட்டத்துக் கோர்வாவில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட 'ஏ.கே. 203' ரைபிள்களை உற்பத்தி செய்ய ஏற்பாடாயிற்று. அவற்றின் தோட்டா 39 மில்லிமீட்டர் நீளக் கூடுள்ள இடைத்தர வகை. ஆற்றல் சுமார் 2000 ஜூல்.

இரண்டின் விட்டமும் 7.62 என்றே வழங்கினும் ஒன்றின் தோட்டா மற்றொன்றிற் பொருந்தாது. எல்லைக் காவலில் இவ்விரண்டோடு 5.56-உம் சேர்ந்தால், பனிமலைத் தடத்தில் கோவேறு கழுதை சுமந்து செல்லும் பெட்டியில் எந்தத் தோட்டா இருக்கிறது என்பதும் உயிர்ப்பிரச்சினையாகிவிடும். முழுவலிமைத் தோட்டாவுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு: நடுத்தர இயந்திரத் துப்பாக்கியும் அதையே உண்கிறது.

ஆகவே எது சிறந்த தோட்டா என்ற கேள்விக்குத் தனியாக விடையில்லை. எந்த நிலத்தில், எத்தனை தூரத்தில், எத்தனை நாள் உணவோடும் உடையோடும் அதைச் சுமந்து செல்ல வேண்டும் என்பவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். அடர்ந்த புதரிலும் தெருவிலும் நடக்கும் சண்டைக்கு முழுவலிமை வீண் சுமை. திறந்த மலைச்சரிவிலோ அதுவே துணை. நூறாண்டுக்கு மேலாக நாம் சென்று திரும்பி வந்திருக்கும் இவ்வழியைச் சிலர் தடுமாற்றம் என்பர். போர்க்களமும் எதிரியும் மாறுந்தோறும் அக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்ததே அது என்று நாம் கருதுகிறோம். அக்கணக்கிற் பிழை நேர்ந்தால் அதன் பாரம் போய்ச் சேர்வது சிப்பாயின் தோளிலேயே. அதனால்தான் அதைப் பொறுமையோடு போட வேண்டியிருக்கிறது.