மணலும் திரையும்: கரிசல் வட்டாரத் தொடக்கப்பள்ளிகளிற் கற்பிக்கும் கருவிகள்

தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றை எழுதியோர் பலர். பயிற்றுமொழி, பாடத்திட்டம், கல்வி நிறுவனங்கள் ஆகியன பற்றி நல்ல நூல்கள் வெளிவந்துள்ளன. எனினும், எழுத்தறியத் தொடங்கும் குழந்தையின்முன் வைக்கப்பெற்ற பொருள் யாது, அதனைக் கையாண்டவர் ஆசிரியரா மாணவரா என்னும் வினா போதிய அளவு ஆராயப்பெறவில்லை. படவீழ்த்தியும் ஒளிர்திரையும் கைக்கணினியும் தொடக்கப்பள்ளியிற் புகுந்துவிட்ட இந்நாளில் அவ்வினா பழமை ஆராய்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. திரையிற் பாடம் ஓடுங்கால் குழந்தையின் கை என்ன செய்கின்றது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுவது. கோவில்பட்டியை நடுவாகக் கொண்டு எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் எனப் பரந்து கிடக்கும் கரிசற் புன்செய் நிலமே எம் ஆராய்ச்சிக்கு எல்லை. ஆயினும் தொடக்க காலச் செய்திகள் தமிழகம் முழுமைக்கும் பொதுவாதலின் அவற்றைப் பொதுவாகவே கூறிச் செல்வோம்.

திண்ணைப் பள்ளியின் முதற் கருவி மணல். ஆசிரியர் குழந்தையின் விரலைப் பற்றி எழுதுவிப்பார். குழந்தை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். கண்ணும் வாயும் கையும் ஒருங்கே தொழிற்படும் முறை இது. (கரிசல் மண் இதற்கு உதவாது. ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், கோடையிற் பாளம் பாளமாக வெடிக்கும். ஆற்றுமணலோ ஓடைமணலோ கொண்டுவந்து பரப்பினாலன்றி இவ்வட்டாரத்தில் எழுத்து ஏறாது.) மணலிற் கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வரும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பான்.

சட்டாம்பிள்ளை முறையை ஆசிரியரின் சோம்பலுக்கு ஏற்பட்ட வசதி எனச் சிலர் எள்ளுவர். நன்னூற் பாயிரத்தை ஊன்றிக் கற்றோர் அங்ஙனம் கூறார். ஆசிரியன் உரைப்பதைச் செவ்வனே கேட்பினும் புலமையிற் காற்கூறே கைகூடும் என்றும், உடன்பயில்வோரொடு பழகுவதால் மற்றொரு காற்கூறு எய்தும் என்றும், எஞ்சிய அரைக்கூறும் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்றும் பவணந்தியார் பகுத்துக் கூறுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வகுக்கப்பெற்ற இக்கணக்கு, கற்பிக்கும் கருவி எதனையும் அளந்து பார்ப்பதற்குரிய நல்லதோர் அளவுகோலாகும். கேட்டலும் காண்டலும் மட்டும் நிகழுமிடத்துக் கிடைப்பது காற்கூறே என்பதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

இம்முறையின் ஆற்றலை முதலில் உணர்ந்து வெளிநாட்டுக்குக் கொண்டுசென்றவர் ஆண்டுரூ பெல் என்னும் பாதிரியார். 1789இல் சென்னையில் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். ஒருநாள் குதிரைமீது செல்லுங்கால், ‘மலபார்ப்’ பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டதாக அவரே குறித்துள்ளார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் ‘மலபாரியர்’ என்றே வழங்கினர் என்பது அறியத்தக்கது. தம் இல்லத்து ஆசிரியர் இம்முறையைக் கைக்கொள்ள மனங்கொள்ளாமையின், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே பெல் ஆசிரியனாக அமர்த்தி வெற்றி கண்டார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக இது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் மணற்றட்டில் எழுதக் கற்றனர். கற்பிக்கும் கருவிகள் யாவும் மேற்றிசையிலிருந்தே வந்தன என நினைப்பார்க்கு இவ்வரலாறு நல்ல மறுமொழி.

பின்னர் வந்தவை சிலேட்டும் கரும்பலகையும். இவ்விரண்டும் ஒரே கல்லில் வெட்டிய இரு துண்டுகள் போலத் தோன்றினும் வேறு வேறு இயல்பின. கரும்பலகை ஆசிரியர் கைக்குரியது. மாணவன் அதனை நோக்கி அமர்வான். சிலேட்டோ அவன் மடியிற் கிடப்பது. ஆசிரியர் எழுத்து முன்னேயும் மாணவன் எழுத்து மடியிலும் இருந்தமையின், பள்ளி பெரிதாகி ஒருவர்க்கு நாற்பது பிள்ளைகள் என்னும் நிலை வந்தபோதும் கை வேலையிழக்கவில்லை.

விடுதலைக்குப் பின்னர் இவ்வட்டாரத்திற் பள்ளிக்கு முதலில் வந்த பெருங்கருவி சோறு எனலாம். காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்ற ஊர் பாரதியார் பிறந்த எட்டயபுரமே. மானாவாரி வேளாண்மை பொய்க்கும் ஆண்டுகளிற் பசியோடிருக்கும் பிள்ளைக்கு எந்தக் கருவியும் பயன்படாது என்பதனை அத்திட்டம் உணர்ந்திருந்தது. நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த காலத்து, 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே பள்ளிக்கு வேண்டிய பொருள்களை மனமுவந்து அளித்தனர். 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியது. கேட்டல் என்னும் காற்கூறு அதனால் வலுப்பெற்றது.

இனிப் படத்தின் வரலாற்றுக்கு வருவோம். ஈண்டுக் கோவில்பட்டிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டிவந்த ஓவியர் கொண்டையராஜு (1898-1976) 1940களில் இவ்வூரில் நிலைத்துத் தங்கினார். அவரும் அவர்தம் மாணவரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சேறிப் பல்லாயிரம் வீடுகளின் சுவர்களை அணிசெய்தன. தீப்பெட்டி மேலொட்டும் வண்ணச் சீட்டுகளோ இவ்வட்டாரத்து ஊர்களின் அன்றாடப் பொருள். ஆகவே, வண்ணப்படம் என்பது கரிசல் மக்களுக்குப் புதுமையன்று. நாட்டுக்கே படம் வழங்கிய நிலம் இது. ஆயின் அப்படத்தைத் தாளில் ஒட்டிப் பெட்டி செய்தவை யாருடைய கைகள்?

இவ்வினாவை ஆராய்ச்சியாளர் தவிர்த்தல் இயலாது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிகளிற் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் குழந்தைகள் பல்லாண்டு பயன்படுத்தப்பெற்றனர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கியது. சிவகாசித் தொழிலகங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 திசம்பரிற் கடுமையான தீர்ப்பை வழங்கியது. இடையே 1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். கரிசற் பள்ளிகளுக்குத் திரை வருவதற்கு நெடுநாள் முன்னரே கரிசற் குழந்தைகள் திரையில் ஏறிவிட்டனர். அங்கு அவர்தம் கை ஓய்வின்றித் தொழில் செய்தது. அக்கையை மீட்டு வகுப்பறையில் அமர்த்திய பின்னர், அதனை வாளாவிருக்கச் செய்வது முறையாகுமா என்பதே எம் கவலை.

1987ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைக் கற்பித்தற் பொருள்கள் வேண்டும் எனக் ‘கரும்பலகைத் திட்டம்’ அவ்வாண்டில் நடுவண் அரசால் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவிற் ‘பவர்பாயின்ட்’ என்னும் மென்பொருள் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. சின்னாளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. அம்மென்பொருள் வணிகக் கூட்டங்களிற் பேசுவோர்க்கென ஆக்கப்பெற்றது. ஒருவர் நின்று காட்டுவார். ஏனையோர் அமர்ந்து காண்பர். ஐந்து வயதுக் குழந்தையை எண்ணி அதனை யாரும் ஆக்கவில்லை. ஒரு கருவி எவ்விடத்துக்கெனப் பிறந்ததோ அவ்விடத்தின் பழக்கத்தை உடன்கொண்டே பிறவிடம் புகும். வகுப்பறைத் திரைமுன் பிள்ளைகள் கைகட்டி அமர்ந்திருக்கும் காட்சிக்கு ஆசிரியர்மேற் குறைகூறுவதினும் கருவியின் பிறப்பை ஆராய்வதே நேரிது.

இதற்கு நேர்மாறான முயற்சி ஒன்று தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிகளின் முறையைத் தழுவிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 முதல் மாநிலமெங்கும் பரவியது. அட்டைகளைக் குழந்தையே எடுத்துத் தன் விரைவிற் கற்றது. சுவரின் அடிப்பகுதியிற் குழந்தையின் உயரத்துக்கேற்பக் கரும்பலகை அமைத்து ஒவ்வொருவர்க்கும் ஓரிடம் ஒதுக்கினர். தரையில் அமர்ந்து எழுதும் அப்பலகை, மணலின் மறுபிறப்பு எனவே எமக்குத் தோன்றுகின்றது. அம்முறையிற் குறைகள் பல கூறப்பெற்றன. அட்டைகள் கிழிந்தன, எண்கள் தவறின, ஆசிரியர் பதிவேட்டிலேயே மூழ்கினர். ஆயினும் பவணந்தியார் கணக்கிற் பார்த்தால் முக்காற்கூறுக்கு இடந்தந்தது அம்முறை.

அதன்பின் மின்கருவிகள் விரைந்து வந்தன. 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கற் குறியீடு அச்சிடப்பெற்றது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகத்து 26ஆம் நாள் தொடங்கியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றே திறந்தன. அவ்விடைக்காலத்திற் பாடம் முழுவதும் காட்சியாகவே நின்றது. பள்ளி திறந்தபோது எழுத்தை மறந்த பிள்ளைகளுக்காகவே ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021இலும் ‘எண்ணும் எழுத்தும்’ 2022இலும் தொடங்க வேண்டியதாயிற்று என்பது ஆராய்ச்சியாளர் கருதத்தக்க சான்று. 2024இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கப்பெற்றது. பெயரிற் கை இருப்பினும், அது ஆசிரியர் கை.

திரையை யாம் வெறுப்பதாக யாரும் கொள்ள வேண்டா. கடலையே காணாத பிள்ளைக்குத் திமிங்கிலத்தைக் காட்டவும், ஒலியை நூறுமுறை சலிப்பின்றித் திருப்பிச் சொல்லவும் அதனினும் சிறந்த கருவி இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் அயல்நாட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்கென ஆக்கிய மழலைக் கல்விப் பாடங்கள், தாய்மொழி கேட்கும் சூழலே இல்லாதார்க்குப் பெருந்துணை. கோவில்பட்டிப் பிள்ளையின் நிலை வேறு. அவனைச் சுற்றிலும் தமிழ் ஒலிக்கின்றது. அத்தமிழ் திரையில் ஒலிக்கும் தமிழன்று. மாநிலம் முழுமைக்கும் ஒரே காட்சி, ஒரே குரல் எனும்பொழுது கருங்கண்ணிப் பருத்தியும் குதிரைவாலியும் அவற்றைச் சார்ந்த சொற்களும் புகுதற்கு இடமில்லை. வீட்டில் அறிந்த சொல்லைக்கொண்டு எழுத்தறிதல் எளிது என்பது மணற்காலத்து ஆசிரியரும் அறிந்த உண்மை.

மற்றொன்றும் கூறவேண்டும். ஆசிரியர் பலர் இரவு பகலாய் உழைத்து ஆக்கிய படக்காட்சிப் பாடங்கள் பழைய எழுத்துருக்களில் அமைந்தமையால் இன்று திறந்தாற் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. 2010இல் ஒருங்குறியை அரசு ஏற்ற பின்னரும் அப்பழக்கம் உடனே மறையவில்லை. இருநூறாண்டு ஓலையை எம் மாணவர் படித்துவிடுகின்றனர். இருபதாண்டுப் பாடத்தைப் படிக்க இயலவில்லை. இவற்றைத் தொகுத்து மாற்றிக் காக்கும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது.

இடைசெவலிற் பிறந்து, பள்ளிப்படிப்பை முடிக்காதவராகிய கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து 1982இல் அகராதியாக வெளியிட்டார். பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய பணியை உழவர் ஒருவர் செய்தார். வகுப்பறைக் கைக்கணினியில் ஒலிப்பதிவுக் கருவியும் ஒளிப்படக் கருவியும் உள்ளன. இரண்டையும் எட்டு வயதுப் பிள்ளை எளிதிற் கையாளும். பாட்டியிடம் பருத்திச் செடியின் உறுப்புகளுக்குப் பெயர் கேட்டுப் பதிந்து, படமெடுத்து, அடியிற் பெயரெழுதி, மறுநாள் இளைய வகுப்புக்கு அதனைத் தானே திரையிற் காட்டிச் சொல்லுமாயின், நன்னூல் கூறும் அரைக்கூறும் அதனுள் அடங்கிவிடும். அங்ஙனம் திரளும் சொற்களிற் கி. ரா. அகராதியில் இல்லாதன எத்துணை எனக் கணக்கிடுவது முதுகலை மாணவர் ஒருவர்க்கு ஏற்ற ஆய்வுப் பொருளாகும்.