டிரம் மெஷின், ஆம்ப் மாடலர் – மானிட்டர் இணைப்பு

தானே தாளம் வாசிக்கும் டிரம் மெஷினையும், கிடார் ஆம்ப்ளிஃபயரின் ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் ஆம்ப் மாடலரையும் ஸ்டுடியோ மானிட்டர் ஒலிபெருக்கிகளில் ஒன்றுசேர்த்துக் கேட்கும் அமைப்பு. பக்கவாத்தியம் இல்லாமல் வீட்டில் சாதகம் செய்யும் கிடார் கலைஞர்களுக்கு உரியது.

வரலாறு

டிரம் மெஷின் முதலில் ஆர்கனுக்குத் துணையாகவே வந்தது. அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 1959இல் வெளியிட்ட சைடுமேன் கருவியில் சுழலும் தட்டு ஒன்று தாளக்கட்டுகளை முடுக்கியது. ஜப்பானியப் பொறியாளர் இக்குத்தாரோ காக்கேஹாஷி 1960களில் ஏஸ் டோன் நிறுவனத்தில் ரிதம் ஏஸ் கருவிகளை உருவாக்கி, 1972இல் ரோலண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1980இல் வழி இரண்டாகப் பிரிந்தது. ரோலண்டின் டிஆர்-808 முரசொலியை மின்சுற்றிலிருந்தே பிறப்பித்தது; ரோஜர் லின்னின் எல்எம்-1 உண்மையான டிரம்ஸ் பதிவுகளைச் சில்லுகளில் அடக்கியது.

இந்தியாவில் இக்கருவியின் தனிப்பெரும் சாதனை சரண்ஜித் சிங்குடையது. மும்பைத் திரையிசையில் கிடார் வாசித்த அவர், 1982இல் டிஆர்-808 தாளத்தின் மீது பத்து இராகங்களைச் சிந்தசைசரில் வாசித்துப் பதிவு செய்தார். அன்று கவனிப்பாரற்றுப் போன அந்த இசைத்தட்டு 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகே, சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இசைக்கு அது சில ஆண்டுகள் மூத்தது என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது.

தமிழில் இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ (1986) கணினி வழித் தாளத்தைப் பரவலாக அறியச் செய்தது. ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடமும், ‘ரோஜா’வின் (1992) வெற்றியும் அதைக் கோடம்பாக்கத்தின் அன்றாட வழக்கமாக்கின. நெல்லைப் பகுதிக்கு மின்னணுத் தாளம் பேட் வடிவில் வந்து சேர்ந்தது. களக்காடு வட்டாரத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளத்துடன் இன்னிசைக் கச்சேரியும் உண்டு; அங்கே தபேலா, தவில், டிரம்ஸ் மூன்றின் ஒலியையும் ஒருவரே பேடில் குச்சியால் தட்டி எழுப்புகிறார்.

ஆம்ப் மாடலருக்கு ராக்மேன் (1982), சான்ஸ்ஆம்ப் (1989), லைன் 6 நிறுவனத்தின் பாட் (1998) ஆகியவை முன்னோடிகள்.

இணைக்கும் முறை

கிடாரை மாடலரின் இன்புட்டில் செருக வேண்டும். ஒலிகளைக் கலக்கும் மிக்சரின் லைன் இன்புட்டில் நேரே செருகினால் ஒலி மங்கும். மாடலரின் இட, வல அவுட்புட்டுகளும் டிரம் மெஷினின் இரண்டு அவுட்புட்டுகளும் மிக்சரின் தனித்தனிச் சேனல்களுக்குச் செல்லும். அங்கிருந்து மெயின் அவுட் வழியாக மானிட்டர்களுக்கு. மிக்சர் இல்லையெனில், டிரம் மெஷினை மாடலரின் ஆக்ஸ் இன்புட்டில் சேர்க்கலாம். கிடார் இன்புட்டில் சேர்த்தால் டிஸ்டார்ஷன் தாளத்தையும் சிதைத்துவிடும்.

மாடலரில், கிடார் ஒலிபெருக்கிப் பெட்டியைப் போலச்செய்யும் கேபினட் சிமுலேஷன் கட்டாயம் இயங்க வேண்டும். கிடார் ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியைத் தானே வடித்துவிடும். மானிட்டரோ 20,000 ஹெர்ட்ஸ் வரை எதையும் மறைக்காது. இந்த வசதியை அணைத்து வைத்துவிட்டு, மாடலர் ஈ போல ரீங்கரிக்கிறது என்று குறைகூறுவது தவறு. இரைச்சல் வந்தால் எல்லாக் கருவிகளுக்கும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து மின்சாரம் தருவது நல்லது. மானிட்டர்களைக் கடைசியில் போட்டு, முதலில் அணைக்க வேண்டும். இல்லையேல் மற்றக் கருவிகள் எழுப்பும் திடீர் ஒலி ட்வீட்டரைத் தாக்கும்.

தற்போது டிரம் மெஷின், ஆம்ப் மாடலர் இரண்டின் வேலையையும் கணினி மென்பொருள்கள் செய்கின்றன.