தலைவிதியும் ஓம் விதியும்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலே ஒரு மீனவர் குப்பம். இரவெல்லாம் மழை. விடிந்ததும், நனைந்த வலையை உலர்த்துவதற்காக வீட்டோரம் கட்டியிருந்த இரும்புக் கம்பியில் போடச் சென்றார் ஒருவர். அந்தக் கம்பியோ, உறை கிழிந்த மின்கம்பியோடு உரசிக்கொண்டிருந்தது. தொட்டார், வீழ்ந்தார், எழவேயில்லை.

"எல்லாம் அவன் தலைவிதி" என்றனர் கூடியிருந்தோர். மாலைப் பள்ளி நடத்தச் சென்றிருந்த நாம் அன்று வாய் திறக்கவில்லை. இழவு வீட்டில் எதிர்வாதம் பேசுவது பகுத்தறிவு ஆகாது. ஆயினும் அந்தச் சொல் நம்மை விடவில்லை. விதிதான் கொன்றது, ஐயமில்லை. எந்த விதி?

ஓம் விதி! மந்திரத்துக்கு முன்னே ஒலிக்கும் ஓம் அன்று. கியோர்க் சைமன் ஓம் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரின் பெயர்.

அவருக்கு முன்னரே அவ்விதியின் விளிம்பைத் தொட்டவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் பெருஞ்செல்வர் ஹென்றி கேவண்டிஷ். தொட்டவன் கையை மரக்கச் செய்யும் மின் திருக்கையை நம் வங்கக் கடல் மீனவரும் அறிவர். அந்த மீனின் வித்தை என்னவென்று அறியத் தோலால் ஒரு பொய் மீன் செய்தார் கேவண்டிஷ், லெய்டன் சாடிகளோடு இணைத்தார், உப்புநீரில் இட்டுத் தொட்டுப் பார்த்தார். மழைநீரைவிடக் கடல்நீர் நூறு மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்று 1776-இல் எழுதினார். அளக்கும் கருவி ஏது? தம் உடலே கருவி, அதிர்ச்சியே அளவு! 1781-இல், பின்னாளில் ஓம் விதி எனப் பெயர் பெற்ற உண்மையையே கண்டார். கண்டவர் என்ன செய்தார்? தாளில் எழுதிப் பெட்டியில் வைத்தார். 1810-இல் மறைந்தார். மாக்ஸ்வெல் அந்தத் தாள்களை அச்சேற்றியது 1879-இல். ஏறத்தாழ நூறாண்டு, ஓர் உண்மை பெட்டிக்குள்ளே உறங்கிற்று! ஏட்டைப் பூட்டி வைப்பதில் நம் நாட்டாருக்கு மட்டுமே தனியுரிமை இல்லை போலும்.

1613-இல் கெல்டிரியாக் கோட்டை எழுப்பி, வெடிமருந்து ஆலையும் நடத்திய டச்சுக்காரர், பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் முற்றாக விட்டுச் சென்றது 1825-இல். அதே ஆண்டில், கொலோன் நகரப் பள்ளியொன்றில் கம்பிகளை வெட்டி அளந்துகொண்டிருந்தார் ஓம். பிறந்தது 1789-இல், எர்லாங்கனில். தந்தை பூட்டுத் தொழிலாளி; தாமாகவே கணிதம் கற்று மகனுக்கும் கற்பித்தவர். அந்த ஆண்டு ஓம் வெளியிட்ட சூத்திரம் தவறானது! அவர் பயன்படுத்திய மின்கலத்தின் வலிமை நிலைத்து நிற்கவில்லை. தவறு என்று அறிந்ததும் அதைக் காக்க வழக்காடவில்லை, கலத்தை மாற்றினார். பிஸ்மத்தும் செம்பும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். நிலையான மின்னோட்டம் கிடைத்தது. ஒரே தடிப்பும் வேறுவேறு நீளமும் உள்ள செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, தொங்கவிட்ட காந்த ஊசியின் திருப்பத்தை அளந்தார். 1827-இல் நூல் வந்தது. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். இதுவே அதன் சாரம்.

பாராட்டா கிடைத்தது? புறக்கணிப்பே கிடைத்தது. மனம் நொந்து ஆசிரியப் பணியைத் துறந்தார். இலண்டன் ராயல் கழகம் கோப்ளி பதக்கம் அளித்தது 1841-இல். மியூனிக்கில் இயற்பியல் பேராசிரியர் பதவி கிட்டியது 1852-இல். இரண்டே ஆண்டில் இறந்தார். 1881-இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு, தடையின் அலகுக்கு அந்தப் பூட்டுத் தொழிலாளி மகனின் பெயரைச் சூட்டியது.

மின்சாரம் கம்பியில் எவ்வளவு வெப்பம் தரும் என்பதை 1841-இல் சொன்னவர் மதுவடிப்போர் மகன் ஜேம்ஸ் ஜூல். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குக. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினாலும் அதே விடைதான், அதுவே வாட்.

இதை மாலைப் பள்ளியில் இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சொன்னோம். பெட்டியில் 1000 வாட், 230 வோல்ட் என்று பொறித்திருக்கிறது. 1000-ஐ 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் தடை 53 ஓம். மாலையில் அழுத்தம் 184 வோல்ட்டாகத் தாழ்ந்தால்? தடை ஏறத்தாழ அதுவேதான், ஓட்டம் 3.48 ஆம்பியர், திறன் 640 வாட். வோல்ட்டில் ஐந்தில் ஒன்று குறைய, வெப்பத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போயிற்று! "பெட்டி பழுது" என்று அதுவரை எண்ணியிருந்த தையற்காரத் தோழர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பின்னர், சிரிப்பு அடங்கிய பிறகு, மற்றொரு கணக்கையும் பலகையில் எழுதினோம். காய்ந்த தோலோடு கூடிய மனித உடலின் தடை பல்லாயிரம் ஓம் இருக்கலாம். உப்புநீரில் ஊறிய கையும் ஈர மண்ணில் ஊன்றிய வெறுங்காலும் என்றால் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1000-ஆல் வகுக்கச் சொன்னோம். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி முதலில் விடை சொன்னாள்: 0.23 ஆம்பியர். நெஞ்சின் வழியே பாய்ந்தால், அதில் பாதியே இதயத்தின் துடிப்பைக் குலைக்கப் போதும் என்றோம்.

வகுப்பு சற்று நேரம் பேசாதிருந்தது. இறந்தவரின் தம்பி எழுந்தார். "ஐயா, வலை காய்ந்திருந்தால்?" என்று கேட்டார். காய்ந்த கைக்கு ஐம்பதாயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கை அவரையே பலகையில் போடச் சொன்னோம்.