‘செக்’ என்னும் சொல்

‘செக்’ என்பது ஆங்கிலத்தில் ஓரசைச் சொல். ஆயினும் அகராதியைத் திறந்தால் அது பத்தி பத்தியாக நீண்டு கிடக்கும். தடுத்தல், அடக்குதல், சரிபார்த்தல், கட்டமிட்ட துணி, வங்கிக் காசோலை, சதுரங்கத்தில் அரசனுக்கு நேரும் ஆபத்து ஆகிய அனைத்தும் அச்சொல்லின் பொருள்களே. உணவு விடுதியில் கொடுக்கும் கணக்குச் சீட்டையும் அமெரிக்கர் அப்பெயராலேயே அழைப்பர். ஒன்றோடொன்று ஒட்டாதவைபோல் தோன்றும் இப்பொருள்கள் ஒரே சொல்லில் வந்து குடியேறியது எவ்வாறு?

கதை இந்தியாவில் தொடங்குகிறது. ஆனால் சொல் இந்தியச் சொல்லன்று. சதுரங்க ஆட்டம் இங்கிருந்து பாரசீகம் சென்றது. அரசனைத் தாக்கும் நிலை வந்தபோது பாரசீகர் ‘ஷா’ என்று எச்சரித்தனர். ஷா என்றால் அரசன். அரசன் தப்ப வழியற்ற நிலை ‘ஷா மாத்’ எனப்பட்டது. இதற்கு ‘அரசன் இறந்தான்’ என்று பொருள் கூறுவோர் உண்டு. அராபிய மொழியில் ‘மாத’ என்பது இறந்தான் எனப் பொருள்படுவதால் எழுந்த விளக்கம் அது. பாரசீகத்திலோ ‘மாத்’ என்பதற்குத் திகைத்தவன், செயலற்றவன் என்பதே பொருள். சதுரங்கத்தில் அரசன் வெட்டப்படுவதில்லையாதலால் இவ்விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த ‘ஷா’, இலத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் உருமாறி, ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. மலாய் மக்களோ ஆட்டத்தின் பழைய இந்தியப் பெயரையே பெற்று, அதனைச் ‘சாத்தூர்’ என வழங்குகின்றனர்.

ஆட்டப் பலகை அடுத்தபடியாக அரசாங்கத்தினுள் நுழைந்தது. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னனின் வருவாய்க் கணக்கு ஒரு மேசைமீது பார்க்கப்பட்டது. மேசையின் நீளம் ஏறத்தாழ 10 அடி, அகலம் 5 அடி. அதன்மேல் கோடுகள் இட்ட கறுப்புத் துணியை விரித்து, பென்சு, சில்லிங்கு, பவுன் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வகுத்து, காய்களை வைத்தும் எடுத்தும் கூட்டிக் கழித்தனர். எழுத்தறியாத மாவட்ட அதிகாரியும் தன் கணக்கைக் கண்ணால் காண முடிந்தது. இரண்டாம் ஹென்றியின் பொருளாளராயிருந்த ரிச்சர்டு பிட்சுநீல் 1170களின் இறுதியில் எழுதத் தொடங்கிய நூலில் இம்முறையை விவரித்துள்ளார். அந்நூல் ஆசிரியரும் மாணவரும் உரையாடும் முறையில் அமைந்தது என்பதை நம் ஆசிரியர்கள் கருதுதல் நன்று. சதுரங்கத்தில் அரசர் இருவர் பொருதுவதுபோல இங்கே பொருளாளரும் மாவட்ட அதிகாரியும் பொருதுகின்றனர் என்பது அவர் கருத்து. சதுரங்கப் பலகையின் பெயரே அந்த அலுவலகத்துக்கு ‘எக்சுசெக்கர்’ என்று நின்றது. பிரிட்டிசு நிதியமைச்சர் இன்றும் அப்பெயரையே தம் பதவிப் பெயரில் தாங்குகிறார்.

ஏனைய பொருள்கள் விளங்குதல் எளிது. அரசன் தாக்கப்பட்டால் ஆடுபவர் தம் திட்டத்தை விட்டு அவனைக் காத்தாக வேண்டும். ஆதலின் தடை என்ற பொருள் பிறந்தது. தடையிலிருந்து கட்டுப்பாடும், கட்டுப்பாட்டிலிருந்து சரிபார்த்தலும் வந்தன. பலகையின் கட்டம் துணிக்குச் சென்றது. 18ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்க வங்கிகள் வைத்த அடிக்கட்டையைக் குறித்த சொல், பின்னர் காசோலையையே குறித்தது. ‘எக்சுசெக்கர்’ நினைவால் ஆங்கிலேயர் அதன் எழுத்தை மாற்றிக்கொண்டனர். அமெரிக்கர் பழைய எழுத்தையே கொண்டுள்ளனர். மாணவர் ஏட்டில் இரண்டையும் காணும் ஆசிரியர் ஒன்றைப் பிழையென்று அடித்துவிடலாகாது.

இச்சொல்லின் இன்னொரு கிளை தமிழரின் வாழ்வைத் தொட்டது. இங்கிலாந்தில் அரண்மனைப் பணியாளரின் பெயர்ப்பட்டியலுக்குச் ‘செக்ரோல்’ என்று பெயர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏழாம் ஹென்றி காலத்துச் சட்டத்திலேயே அது காணப்படுகிறது. பெயர் அப்பட்டியலில் இருந்தால்தான் ஒருவன் அரசனின் ஆள். அதே சொல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் தொழிலாளரின் கூலிக் கணக்கேட்டுக்குப் பெயராயிற்று. விடியற்காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கப்பட்டது. கிராணியின் செக்ரோலில் அன்றைய வேலை பதிந்தது. அவ்வேட்டில் ஒரு நாளைய குறி விடுபட்டால் ஒரு நாளைய கூலி விடுபட்டது. மலாயாவின் முக்கிய பகுதிகளில் ஆடவருக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 1930இல் 40 காசாகக் குறைக்கப்பட்டது. அந்த 40 காசு கைக்கு வருவதும் வராததும் அச்சிறு குறியைப் பொறுத்தன. கங்காணி பெற்ற தலைக்காசும் அன்றன்று வேலைக்கு இறங்கிய ஆள்களின் தொகைப்படியே கணக்கிடப்பட்டது. காய்ச்சலில் கிடந்தவனையும் லயத்திலிருந்து எழுப்பக் கங்காணிக்கு ஒரு காரணம் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

செக்ரோலை ‘வருகைப் பதிவேடு’ என்று மொழிபெயர்ப்போர் உளர். அது போதாது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு பிள்ளை வந்ததா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். அதில் எவருடைய அரிசியும் எழுதப்படுவதில்லை. ‘கூலிக் கணக்கேடு’ என்பது ஓரளவு நெருங்கி வருகிறது. தோட்டத்து மக்கள் மொழிபெயர்க்கவே முயலவில்லை. ‘செக்ரோலில் பேர் இருக்கிறதா?’ என்றே கேட்டனர்.